வெட்டுத்துண்டும் ஒரு கண்மாயும்

கேள்வி:

எனக்கு வயது 58. மானாமதுரைக்குப் பக்கத்தில் கிராமம். எட்டாவது வரை படித்தேன். கல்யாணமாகி வந்த பிறகு தையல் கற்றுக்கொண்டு 31 வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். போன வருடம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் மெஷினில் உட்காரவில்லை. பிறகு ஒருநாள் வெட்டுத்துண்டு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால், நீலமும் ஊதாவும் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போல் இருந்தன. கை பரபரத்தது. பழைய வேட்டி ஒன்றை விரித்து, துண்டுகளை வெட்டி வைத்துக் கையாலேயே தைத்தேன். எங்கள் ஊர்க் கண்மாயாக வந்தது. கரை, கலுங்கு, மடை, இரண்டு பனைமரம், ஒரு கொக்கு. தண்ணீருக்கு ஒரு டீச்சரம்மாவின் மயில்கழுத்துப் பட்டு. அது மட்டும் சரியாக அமையவில்லை என்று மூன்று முறை பிரித்துத் தைத்தேன்.

மருமகள் அதற்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். அவளோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் ஆர்ட்டிஸ்ட்டா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா செய்தது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அதன் பிறகு இன்னும் நான்கு தைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை. வீட்டுக்காரர், "தைக்க வந்த துணி குவிந்து கிடக்கிறது, பேத்தி எடுத்த வயதில் துணியை ஒட்டி விளையாடுகிறாயா?" என்கிறார். கண்மாய்ப் படத்தைப் பார்த்து, "மடை அந்தப் பக்கமா இருக்கிறது?" என்று வேறு கேட்டார். அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? இந்த வயதில் இப்படி ஒரு ஆசை வருவது ஏதாவது கோளாறா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கோளாறு எதுவும் இல்லை. இந்தக் கேள்வியை ஒரு மூலையில் வைத்துக்கொண்டு மற்றதைப் படித்தால் ஒன்றும் மனதில் ஏறாது என்பதால் இதை முதலில் தீர்த்துவிடுவோம். புரை விழும்போது கண்ணின் வில்லை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி, பிறகு பழுப்பேறுகிறது. அது முதலில் விழுங்குவது நீலத்தைத்தான். வருடக்கணக்கில் நடக்கிற காரியம் என்பதால் நிறம் போனது நமக்குத் தெரிவதில்லை. அந்த வில்லையை எடுத்துவிட்டுப் புதியது வைத்ததும் நீலம் திடீரென்று திரும்பி வருகிறது. பிரெஞ்சு ஓவியர் கிளாத் மோனேவுக்கு 1923இல், 82 வயதில், புரை எடுத்தார்கள். அதற்கு முன்பு அவர் வரைந்த தோட்டத்துப் பாலங்கள் சில செங்கல் நிறத்தில் தகிக்கும். அறுவைக்குப் பிறகு எல்லாம் அநியாயத்துக்கு நீலமாகத் தெரிகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். உங்களுக்கும் அதே நீலம்தான் வந்தது. நீங்கள் குறைப்படாமல் மூட்டையை அவிழ்த்தீர்கள். இடது கண்ணிலும் புரை இருந்தால் அதையும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். தூக்கமின்மை அந்த ஓர் இரவோடு போய்விட்டதென்றால் கவலையில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால், சாப்பாடும் பிடிக்காமல் போனால், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் நான் பென்சிலால் அடிக்கோடிட்டது ஒரே இடம். "மூன்று முறை பிரித்துத் தைத்தேன்." போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

31 வருடத்தில் எத்தனை தையல் பிரித்திருப்பீர்கள்! கை இறுக்கமாக இருக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது, முதுகுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று யாராவது ஒருவர் துணியோடு திரும்பி வந்திருப்பார். நீங்கள் பிளேடை எடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் பிரிக்கச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். எது சரி என்று காட்ட ஓர் அளவு ஜாக்கெட் இருந்தது. கண்மாய்த் தண்ணீர் சரியில்லை என்று உங்களிடம் யார் வந்து சொன்னார்கள்? அதற்கு அளவு ஜாக்கெட் எங்கே இருக்கிறது?

அந்தத் தண்ணீரில் என்ன சிக்கல் என்று நீங்கள் எழுதவில்லை. மயில்கழுத்துப் பட்டு என்பதால் என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை இன்னொரு நிறமாக நெய்த துணி அது. ஒரு வாக்கில் வைத்தால் பச்சை தூக்கலாக இருக்கும், திருப்பி வைத்தால் நீலம் மேலே வரும். ஜாக்கெட்டுக்கு வெட்டும்போது இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இழை எந்த வாக்கில் போக வேண்டும் என்பது முன்பே முடிவானது. கண்மாய்க்கு அப்படி முடிவு எதுவும் இல்லை. காலை நேரத் தண்ணீரா, பொழுது சாயும் நேரமா, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையெல்லாம் ஒரு துண்டுத் துணியைத் திருப்பித் திருப்பி வைத்தே நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்திருக்கும். முதல் முறை வைத்தபோது அது தண்ணீராக இல்லாமல் தொங்கவிட்ட திரைச்சீலை மாதிரி இருந்திருக்கலாம். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். நீங்கள் பிளேடை எடுத்தது தவறாத உண்மை.

அந்தப் பெண்ணிடம் "சும்மா செய்தது" என்று சொன்னதற்காக வெட்கப்படுகிறீர்கள். தன்னைத் தாழ்த்திக்கொள்ளத்தான் அந்தச் சொல்லை எடுத்தீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அதைவிடச் சரியான சொல் உங்களுக்குக் கிடைத்திருக்காது. சும்மா என்றால் காசு வாங்காமல், காரணம் இல்லாமல், யாரும் கேட்காமல். ஆயிரக்கணக்கான ஜாக்கெட்டுகளில் ஒன்றைக்கூட நீங்கள் சும்மா தைத்ததில்லை. கண்மாயை மட்டும்தான் சும்மா தைத்தீர்கள். படைப்பு என்று பெரிய பெயர் வைத்து எல்லோரும் பேசுவது இதைத்தான்: யாரும் கேட்காத ஒன்றைச் செய்வது, செய்துவிட்டு அது சரியில்லை என்று தானே பிரிப்பது.

இந்த இடத்தில், "நீங்கள் தைத்த ஒவ்வொரு ஜாக்கெட்டும் கலைதானே அம்மா" என்று சொல்லி உங்களைத் தேற்றுவது எளிது. இப்போதெல்லாம் அப்படிப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் சொல்ல மாட்டேன். என் பட்டுச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை எலி கடித்துவிட்டது ஒருமுறை. எங்கள் தெருவில் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா அதை வாங்கிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், ஓட்டை இருந்த பாகம் கைக்குழிக்கு அடியில் போகும்படி வெட்டிவிட்டார். இருபது வருடம் போட்டுக்கொண்டேன், யாருக்கும் தெரியாது. அது அபாரமான கைத்திறன். 80 சென்டிமீட்டர் துணியில் 42 அளவுக்காரருக்கு முழங்கை வரை கை வைத்துத் தைக்கிற உங்கள் திறனும் அப்படித்தான். ஆனால் அங்கே கேள்வியை வேறு ஒருவர் கொண்டுவந்தார். தையல்காரர் விடையைக் கண்டுபிடித்தார். கண்மாயில் கேள்வியும் உங்களுடையது. இந்த வித்தியாசத்தை மழுப்பினால், உங்களுக்குப் புதிதாக நேர்ந்தது என்ன என்பதே மறைந்துவிடும். (வெட்டுத்துண்டைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் உங்களிடமும் வருவார்கள் அல்லவா? நானும் அந்த ரகம்தான். இனிக் கேட்பதாக இல்லை.)

அப்படியென்றால் அன்று இரவு ஏன் தூக்கம் போனது? பொய் சொல்லிப் பிடிபட்டவர் போல ஏன் படத்தை ஒளித்தீர்கள்? எட்டாவது வரைதான் படித்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், படிப்பு இருந்திருந்தால் இந்தக் கூச்சம் வந்திருக்காது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முனைவர் பட்டமும் பெரிய பொறுப்புகளும் பெற்றிருந்த பெண்கள் பலர், தாங்கள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் என்றைக்காவது குட்டு வெளிப்பட்டுவிடும் என்றும் உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்ததைப் பற்றியது அது. ஆகவே சான்றிதழால் தீர்கிற கூச்சம் அல்ல இது.

வேறொன்றும் இருக்கிறது. நாம் யார் என்பது நமக்கு உள்ளிருந்து தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் நம் நடமாட்டத்தைப் பார்த்து நம்மை எடைபோடுவது போலவே நாமும் நம் செய்கைகளைப் பார்த்துத்தான் நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறோம் என்பது டேரில் பெம் என்ற உளவியலாளர் 1972இல் விரித்து எழுதிய கருத்து. உங்கள் விஷயத்தில் இது அப்படியே பொருந்துகிறது. 31 வருடமாக உங்களை நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நோட்டில் எழுதிய அளவைப் பார்த்து, சொன்ன தேதிக்குள் ஹூக் வைத்துக் கொடுக்கிற ஒருவரை. அவர் தையல்காரம்மா என்பதற்கு மூட்டை மூட்டையாகச் சாட்சி இருக்கிறது. கண்மாய் தைத்த பெண்ணுக்கு ஐந்தே படம்தான் சாட்சி, அந்த ஐந்தும் பீரோவுக்குப் பின்னால். மனம் தீர்ப்புச் சொல்லத் தயங்குவது நியாயம்தானே? "நான் கலைஞர்தான்" என்று கண்ணாடி முன் நின்று நூறு முறை சொல்வதால் இது மாறாது. ஆறாவது படத்தைத் தைத்தால் கொஞ்சம் மாறும். பதினைந்தாவது தைத்தால் நன்றாகவே மாறும். அதனால் பெயரைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். படங்களை மட்டும் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிடுங்கள். பூச்சியும் ஈரமும் வேறு இருக்கிறது அங்கே.

இப்படி ஒரு கடிதம் எழுதியவருக்கு எழுபதில் தூரிகை எடுத்துத் தொண்ணூறில் உலகப் புகழ் பெற்றவர்களின் கதைகளைச் சொல்வது வழக்கம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு அவை பிடிப்பதில்லை. எல்லாக் கதையும் விருதில் போய் முடிகிறது. விருது வராத 58 வயதுக்காரர் என்ன செய்வது என்று ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் துணியையும் கத்தரிக்கோலையும் கையில் வைத்திருந்த சிலர் எப்படித் தொடங்கினார்கள் என்பது உங்களுக்குப் பயன்படும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு காலத்தில் பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழிந்த வேலை உடுப்புகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டி இணைத்துப் போர்வை தைத்தார்கள். குளிருக்குப் போர்த்த, சுவரில் காற்று வரும் இடத்தை அடைக்க. மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் கணவர் இறந்த பிறகு அவருடைய வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் வெட்டி ஒரு போர்வை தைத்தார், அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம் அதில் அப்படியே தெரிகிறது. அந்த ஊரில் அளவும் கணக்கும் பார்க்காமல் மனம்போல் இணைத்துத் தைத்த போர்வைகளுக்கு "என் வழி" என்று பெயர். யாரும் அவற்றைக் கலை என்று சொல்லிக்கொள்ளவில்லை. 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் அவை தொங்கின. 2006இல் அமெரிக்கத் தபால்துறை அஞ்சல்தலைகளே வெளியிட்டது. அதெல்லாம் பின்னால் நடந்தது. "என் வழி" என்ற பெயர் அதற்கு வெகு முன்பே அவர்கள் வாயில் இருந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இன்னொருவர் இங்கிலாந்தின் மேரி டிலேனி. 1700இல் பிறந்தவர். இரண்டு கல்யாணம், இரண்டு முறையும் கைம்பெண். பூத்தையல், தோட்டம், கிளிஞ்சல் வேலை என்று வாழ்நாள் முழுவதும் கை ஓயாதவர். 72 வயதில் ஒருநாள் மேசை மேல் இருந்த சிவப்புக் காகிதமும் ஜெரேனியப் பூவின் இதழும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்தார். கத்தரிக்கோலை எடுத்து அந்த இதழைக் காகிதத்தில் வெட்டினார். அடுத்த பத்து வருடத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் பூக்கள். ஒவ்வொன்றும் கறுப்புப் பின்னணியில், நரம்பு, மகரந்தம், பூச்சி அரித்த இலை உட்பட, நூற்றுக்கணக்கான துணுக்குகளை ஒட்டிச் செய்தவை. பார்வை மங்கியபோது நிறுத்திக்கொண்டார். இன்று அவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் 72இல் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. வெட்டத் தெரிந்த கையும் நிறம் பார்க்கத் தெரிந்த கண்ணும் அதற்கு முன்பே தயாராக இருந்தன. உங்கள் 31 வருடத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது வீணாகப் போன காலம் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தேதி சொல்லி வாங்கிய துணி குவிந்து கிடக்கக் கூடாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஜாக்கெட் கைக்கு வராத பெண்ணின் சாபம் பொல்லாதது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, உங்களுக்கு வேலை குறையும். அந்த இரண்டு மாதத்தையும் படத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும். காலைப்பொழுது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: டியூப்லைட்டில் தேர்ந்தெடுத்த நீலம் வெயிலில் வேறு நிறமாக இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மருமகள் நல்ல மனதோடு ஒன்று சொல்லுவாள், இதற்குள் சொல்லியும் இருப்பாள்: படம் எடுத்துப் போடலாம், விற்கலாம். ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். பணம் வரக் கூடாது என்பதற்காக அல்ல. யாராவது ஒருவர், "இதே மாதிரி ஒரு கண்மாய், கொஞ்சம் பச்சை தூக்கலாக, பத்தாம் தேதிக்குள்" என்று கேட்பார். நீங்களும் பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து அளவு குறித்துக்கொள்வீர்கள். அளவு ஜாக்கெட் திரும்பி வந்துவிடும். பதினைந்து இருபது படம் ஆன பிறகு விற்பதில் தவறே இல்லை. அதற்குள் எது உங்கள் தண்ணீர், எது வாடிக்கையாளர் கேட்கிற தண்ணீர் என்று உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

அடுத்த தேர்த் திருவிழாவுக்குப் போகும்போது தேரில் உருளை உருளையாகத் தொங்குகிற துணித் தொம்பைகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். துணியை வெட்டித் துணி மேல் வைத்துத் தைப்பது நம் ஊரில் காலகாலமாக நடக்கிற தொழில். யாளிக்கும் அன்னத்துக்கும் ஓரம் எப்படி மடித்திருக்கிறார்கள், வளைவில் நூல் எப்படிப் போகிறது என்று பார்த்து வந்தால் உங்கள் கொக்குக் கழுத்துக்கு உதவும்.

பிறகு, ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் நூலால் உங்கள் பெயரையும் வருடத்தையும் தைத்துவிடுங்கள். ஜாக்கெட்டில் தையல்காரர் பெயர் இருப்பதில்லை. இதில் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். ஆர்ட்டிஸ்ட்டா என்றால் ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். "நான்தான் தைத்தேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். அடுப்படிக்குப் போக வேண்டாம். அடுத்த கேள்வி அனேகமாக, "தண்ணீருக்கு என்ன துணி?" என்பதாக இருக்கும். அதற்கு உங்களிடம் அரைமணி நேரம் பேச விஷயம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். விளையாட்டு என்று அவர் சொன்னது உங்களைச் சுட்டிருக்கிறது. ஆனால் விளையாட்டு என்று நிஜமாகவே நினைக்கிறவர் மடை எந்தப் பக்கம் என்று பார்க்க மாட்டார். அவர் படத்துக்கு முன்னால் நின்று, கரையோடு நடந்து, மடை வரை போயிருக்கிறார். உங்கள் படத்தைப் பற்றி இதுவரை வந்ததில் உருப்படியான ஒரே விமர்சனம் அவருடையதுதான். கலை, படைப்பு என்றெல்லாம் அவரிடம் வாதாட வேண்டாம். கண்மாயை மறுபடி ஹாலில் மாட்டி, ஒரு சாயங்காலம் காபி கொடுத்துவிட்டு, மடை எங்கே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தண்ணீர் திறந்துவிடுகிற காலத்தில் எப்படி இருக்கும், கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்த வருடம் எது என்றெல்லாம் சொல்லுவார். கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த படத்துக்கு ஆகும். மடையை அவர் சொன்ன இடத்துக்கு மாற்றுவதா, நீங்கள் வைத்த இடத்திலேயே விடுவதா என்று அதற்குப் பிறகு, துணியை விரித்து வைத்துக்கொண்டு யோசியுங்கள்.